தீயலுக்கு வறுத்த தேங்காய்

கொரோனா எங்கள் வீட்டுக்கு வந்து போனபோது என் மூக்கையும் என் வீட்டுக்காரரின் வாயையும் கொண்டு போய்விட்டது. இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று சுசீந்திரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவிலிலிருந்து புதுக்கடை வரைக்கும் வண்டி நிறைய ஆட்களோடு பேசிக்கொண்டே டிக்கெட் கிழித்தவர். நான் இரணியலில் டீச்சராக இருந்த காலத்தில் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போவேன். கட்டின பெண்டாட்டி என்றும் பார்க்காமல், "டீச்சரே, சில்லறை எடுங்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இப்போது அந்தக் குரலை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

காய்ச்சல் விட்ட பிறகு அந்த மனிதருக்கு வார்த்தை வரவில்லை. கரண்டியைக் காட்டி, "அது... அந்த..." என்று நிற்பார். ஆனால் இரணியல், திங்கள்சந்தை, கருங்கல், புதுக்கடை என்று ஸ்டாப்புகளை மட்டும் தடங்கலில்லாமல் சொல்லிவிடுவார். முதலில் சிரித்தேன். போகப் போகப் பயம் பிடித்துக்கொண்டது.

நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் இரண்டு பேரும் போனோம்.

"டீச்சருக்கு மணத்தப் பிடிச்சு மூளைக்கு அனுப்புற எடத்துல அடி. சாருக்கு மூளை களைச்சுக் கெடக்கு. வார்த்தை தொலஞ்சு போகல்ல, எடுக்க நேரமாகுது, அவ்வளவுதான். நீங்க முந்திக்கிட்டு எடுத்துக் குடுக்காதீங்க" என்றார். முப்பது பிள்ளைகளுக்கு விடை எடுத்துக் கொடுத்தே பழகியவளிடம் சொல்கிற பேச்சா இது!

எனக்குக் காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சை என்று மோந்து பார்க்கும் பயிற்சி. மணம் தெரியாவிட்டாலும் அந்த மணம் எப்படி இருந்தது என்று மனதில் நினைக்க வேண்டுமாம். கிராம்பு சீக்கிரமே நினைவுக்கு வந்தது. மலைத்தோட்டத்துக் கிராம்பு மூட்டையை வண்டியில் ஏற்றின நாட்களில் அவருடைய காக்கிச் சட்டையில் டீசலும் வேர்வையும் கிராம்பும் கலந்து மணக்கும். துவைக்கப் போட்ட சட்டையை யாரும் பார்க்காமல் ஒருமுறை மோந்துவிட்டுத்தான் தண்ணீரில் முக்குவேன். அதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

வராமல் போனது ஒன்றுதான். என் அம்மை உள்ளித் தீயலுக்கு, அதாவது சின்ன வெங்காயம் போட்டு வைக்கும் புளிக்குழம்புக்கு, தேங்காய் வறுக்கும் மணம். மல்லியும் மிளகும் சேர்த்துத் தேங்காய்த் துருவலை வறுத்துக்கொண்டே இருப்பாள். ஒரு கட்டத்தில் மணம் சட்டென்று மாறும். அப்போது இறக்கிவிட வேண்டும். நிறத்தைப் பார்த்து இறக்கலாமே என்பார்கள். கறுத்த இரும்புச் சட்டியில் நிறம் தெரிவதற்குள் தேங்காய் கைமீறிப் போயிருக்கும். அம்மை இறந்த பிறகும் தேங்காய் வறுக்கும்போதெல்லாம் அவள் அடுக்களைக்கு வந்துவிட்டுப் போவாள். இப்போது எத்தனை நினைத்தாலும் வரவில்லை. நான் ஒற்றைப் பிள்ளை. அம்மை கைத் தீயலைச் சாப்பிட்டவர்களில் மிச்சம் இருப்பது நானும் இவரும்தான். அந்த மணம் இனி இவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. இவருக்கோ சொல்ல வாயில்லை. இதை நினைத்துப் பல நாள் அழுதிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வருவது வரட்டும் என்று தேங்காயைத் திருவினேன். அவரைக் கூப்பிட்டு அடுப்பருகே நிறுத்தினேன்.

"அம்மை எறக்குவாள்லா, அந்த மணம் வந்ததும் சொல்லணும், கேட்டியளா?"

தலையாட்டினார். நான் கிண்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. வாயைத் திறந்தார், மூடினார், கையை உதறினார். வார்த்தை வரவில்லை. 'இறக்கட்டுமா' என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்ததைக் கடித்துக்கொண்டு, அவராகச் சொல்லட்டும் என்று சட்டியைப் பார்த்துக் கிண்டினேன். திடீரென்று நாக்கை மடித்து ஓங்கி ஒரு விசில் அடித்தார். ஒரு விசில் என்றால் வண்டியை நிறுத்து, இரண்டு என்றால் போ. திடுக்கிட்டுத் திரும்பி, என்ன ஏது என்று புரிந்து, நான் அடுப்பை அணைப்பதற்குள் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

அரைத்து, புளி விட்டு, தீயலைக் கொதிக்க வைத்து இறக்கினேன். என் நாக்குக்குப் புளிப்பும் உறைப்பும் உப்பும் தெரிந்தன. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் இரண்டு வாய் சாப்பிட்டார்.

"அம்மை வச்ச மாதிரி இருக்கா?"

"இருக்கு. ஆனா..."

காத்திருந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஆனா, விசில் அடிச்சா ஒடனே நிறுத்தணும். நீ ஒரு ஸ்டாப் தாண்டி நிறுத்தியிருக்க. உங்க அம்மை இதுக்கு முந்தியே எறக்கிருவா."

காய்ச்சலுக்குப் பிறகு அவர் தட்டுத் தடங்கலில்லாமல் பேசிய முதல் பேச்சு, அதுவும் என் சமையலைக் குறை சொல்லி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நாளைக்கும் தேங்கா திருவுகேன்" என்றேன். "வந்து நில்லுங்க."