டிராம்போலின் விசில்காரர்

கொழும்பில் பெரியவர்களும் காசு கட்டித் துள்ளுவலையில் குதிக்கிற டிராம்போலின் மண்டபத்துக்கு, மலை ஏறி இறங்கிய திமிரோடு ஹட்டனிலிருந்து போனேன். அங்கே காவலுக்கு நின்ற விசில்காரர், பேசிப் பார்த்ததில், நம்ம மலைநாட்டு வட்டகொடைக்காரர். ஒல்லி உடம்பு, விசிலால் பிடரியைச் சொறிகிற பழக்கம். தொந்திக்காரக் கனவான்களைத் தோட்டத்துக் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கிற மாதிரி வரிசையில் நிறுத்தியிருந்தார்.

இரண்டாம் குதியிலேயே மல்லாந்தேன். எழ எழ வலை கவிழ்த்தது. "செத்துருவேன் தம்பி, கையக் குடுங்க!" என்று அலறினேன்.

"சாவெல்லாம் மாட்டீங்கண்ணே. மழையில தேயிலை மலை வழுக்குனா எப்புடி எறங்குவோம்? உக்காந்தே நவுந்து வாங்க."

விசில் ஊதி எல்லோரையும் நிறுத்தினார். மண்டபமே பார்க்க, பிட்டத்தால் நகர்ந்து கரை சேர்ந்தேன்.

அவர் சிரிக்கவே இல்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். என்னைப் போல எத்தனை தடியர்களைப் பார்த்தால் ஒரு மனிதனுக்குச் சிரிப்பே வற்றிப்போகும்?