செயலாளர் அழித்த கல்லறைப் பட்டியல்

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பங்கு அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் கல்லறைப் பட்டியலைத் திறந்தேன். திரையில் பச்சை நிற ஆங்கில எழுத்துகளில் தோசை இரண்டு மேசை, வடை ஒரு மேசை, பலூன் என்று வந்தது. கோப்பை மூடி மறுபடி திறந்தேன். மறுபடியும் தோசை. என் பின்னால் நின்றிருந்த பங்குப் பேரவைச் செயலாளர், சட்டைப்பையில் செருகியிருந்த இரண்டு பேனாக்களையும் தொட்டுச் சரிசெய்தபடி, "எப்படி இருக்கு? திருவிழா ஸ்டால் லிஸ்ட். நானே போட்டேன் லா" என்றார். அந்தக் குரலில் அத்தனை பெருமை.

எங்கள் கோவில் சிராங்கூன் சாலையிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி இருந்தது. பங்குக்குச் சொந்தமான பழைய கல்லறைத் தோட்டத்தில் வீடுகள் கட்டப்போவதாக அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. புதைத்தவர்களைத் தோண்டியெடுத்து எரித்துக் கலசத்தில் தருவார்கள்; உறவினர் வாங்கி அஸ்தி மாடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பங்கு கொடுக்கும் பட்டியலில் உறவினர் பெயர் இல்லாத கல்லறை கேட்பாரற்றது என்று ஆகிவிடும். அப்படிப்பட்டவர்களை மொத்தமாக எரித்துக் கடலில் கரைத்துவிடுவார்கள். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் பட்டியல் போடுவது என் வேலை. அதனால் சனிக்கிழமைதோறும் குவீன்ஸ்டவுனிலிருந்து பஸ் பிடித்து வந்து, குடும்பங்கள் எழுதிக் கொடுத்த படிவங்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். கல்லறை எண், இறந்தவர் பெயர், கேட்பவர் பெயர், உறவு, தொலைபேசி. மூன்று மாதத்தில் முந்நூறு வரிகளுக்கு மேல் சேர்ந்திருந்தன.

செயலாளர் ஏதோ பெரிய அலுவலகத்தில் மேற்பார்வையாளர். அங்கே கம்ப்யூட்டர் இருந்தது. அதைத் துடைக்க ஆள் வரும்போது பக்கத்தில் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். அதற்குமேல் அவருக்கும் அந்த இயந்திரத்துக்கும் உறவு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பேரவைக் கூட்டத்தில், "நம்ம பங்கு கம்ப்யூட்டரைஸ் ஆயிடுச்சு" என்று அவர் சொல்லும்போது, பெட்டிக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரே திருகி வைத்ததுபோல இருக்கும். ஃபிளாப்பி தட்டை விரல்படக் கூடாத இடத்தில் பிடித்துத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவார். என்னை அறிமுகம் செய்யும்போது, "இந்தப் பொண்ணு டைப் அடிக்கும்" என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார்.

அவர் செய்ததை அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் பட்டியலில் கட்டங்கள் அழகாக இருந்தனவாம். அதனால் அதைத் திறந்து, உள்ளே இருந்த வரிகளை எல்லாம் அழித்துவிட்டு, ஸ்டால்களையும் யார் எந்த மேசையில் நிற்பது என்பதையும் அதே கட்டங்களில் நிரப்பி, அதே பெயரில் சேமித்திருக்கிறார். "பழசை மாத்தவான்னு கேட்டுச்சு. ஆமான்னேன்" என்றார். இன்னொரு தட்டில் பிரதி வைத்திருந்தேனே என்று கேட்டேன். அதற்கும் முகம் மலர்ந்தது. "நீ சொல்லுவியே, சேவ் பண்ணா உடனே பேக்கப் எடுக்கணும்னு. அந்தத் தட்டுலயே எடுத்துட்டேன்." வாழ்க்கையில் அந்த மனிதர் பிரதி எடுத்தது அந்த ஒரே தடவையாகத்தான் இருக்கும்.

"படிவம் எல்லாம் எங்க அங்கிள்?"

"அதான் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? பழைய பேப்பர் வாங்குற காராங்குனிக்காரன் வந்தான், அவன்கிட்ட போட்டுட்டேன்."

என்ன நடந்திருக்கிறது என்று நான் விளக்கியபோது அவர் முகம் வெளுத்தது. ஒரு கணம் அவர்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது. அடுத்த கணமே அவர் அதைத் துடைத்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "ஃபாதர்கிட்ட நிறையப் பேர் படிவம் குடுக்கலன்னு சொல்லிடலாம். யாரு வந்து கேக்கப்போறா? எல்லாம் பழைய ஆளுங்க" என்றார். நான் தட்டை இயந்திரத்திலிருந்து வெளியே எடுத்தேன். "இல்லன்னா நீ ஏதோ தப்பா அமுக்கிட்டேன்னு சொல்லு. சின்னப் பொண்ணு, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார். மாண்டவர்களையும் என்னையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டு, ஸ்டால் பட்டியலை அச்செடுக்கச் சொன்னார். நான் இரண்டு தட்டுகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

எங்கள் கம்பெனிக்கு இயந்திரம் பழுதுபார்க்க வரும் அண்ணன் ஒருவர் இருந்தார். திங்கட்கிழமை மதிய இடைவேளையில் தட்டுகளை அவரிடம் கொடுத்தேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, "இதுக்கப்புறம் இதுல வேற ஏதாச்சும் சேவ் பண்ணீங்களா?" இல்லை என்றேன். தட்டின் ஓரத்தில் எழுதவிடாமல் தடுக்கும் துண்டு டேப்பை ஒட்டிவிட்டுத்தான் உள்ளே போட்டார். "பழைய லிஸ்ட் பெருசு, புதுசு சின்னது. சின்னது உக்காந்த எடம் போச்சு. அதை யாராலயும் எடுக்க முடியாது. மிச்ச எடத்தை மிஷின் காலின்னு குறிச்சு வச்சிருக்கும், ஆனா தொடச்சிருக்காது. எழுத்து அப்படியே கெடக்கும்" என்றார். தட்டில் உள்ளதைத் துண்டு துண்டாக அப்படியே காட்டும் ஒரு நிரலை ஓடவிட்டார். முதலில் தோசை, வடை. பிறகு புரியாத குறிகள். அவற்றின் நடுவே திடீரென்று ஒரு கல்லறை எண், ஒரு பெயர், 'மனைவி' என்ற ஆங்கிலச் சொல். நான் அலுவலகம் என்பதையும் மறந்து கத்திவிட்டேன்.

அந்த எழுத்துகளை மறுபடி கட்டங்களுக்குள் கொண்டுவர அவருக்கும் வழி தெரியவில்லை. ஆகவே கையால் எழுதினேன். இரண்டு வாரம், ஒவ்வொரு மதிய இடைவேளையும், ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் பென்சிலுமாக, குறிகளுக்கு நடுவிலிருந்து பெயர்களைப் பொறுக்கினேன். சில இடங்களில் பெயர் பாதியில் அறுந்து, அடுத்த துண்டு எங்கோ தள்ளிக் கிடந்தது. தொலைபேசி எண் சரிதானா என்று அழைத்துக் கேட்டேன். கடைசியில் நாற்பத்தொரு வரிகள் தவிர எல்லாம் கிடைத்தன. அந்த நாற்பத்தொன்றும் பட்டியலின் தொடக்கத்தில் இருந்தவை. வந்த வரிசையில் ஏற்றியிருந்தேன் என்பதால், அறிவிப்பு வந்த முதல் ஞாயிறே படிவம் கொடுத்தவர்களின் வரிகள்தாம் அவை.

அவர்களை மறுபடி வரச்சொல்லி அறிவிக்கவேண்டும் என்று செயலாளரிடம் சொன்னேன். "இப்ப அறிவிச்சா என் பேரு என்ன ஆகும்? முந்நூறுல நாப்பது போனா பரவால்ல லா" என்றார். ஃபாதரிடம் போனேன். அவர் நல்லவர், நல்லவராக இருப்பதைத் தவிர வேறெதற்கும் துணியாதவர். "பாவம்மா, அவரு மனசு புண்படாம பாத்துக்கணும்" என்றார். அன்று மாலை செயலாளரின் முகத்துக்கு நேராக, "அங்கிள், நீங்க சொல்லலன்னா நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நானே மைக்ல சொல்லுவேன், யாரு அழிச்சாங்கன்னும் சேர்த்து" என்றேன்.

அறிவிப்பு வந்தது. "இயந்திரக் கோளாறு காரணமாக" என்று செயலாளர் வாசித்தார். அவரைவிட அந்தப் பெட்டிக்குத்தான் மானம் போனது. மூன்று ஞாயிறுகளில் முப்பத்தெட்டுக் குடும்பங்கள் திரும்ப வந்தன. மூன்று வரவில்லை. யார் அந்த மூவர் என்று கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. பட்டியலைக் கொடுக்கவேண்டிய நாள் வந்தது, கொடுத்தோம். ஃபாதர் அஸ்தி மாடத்தை மந்திரித்து ஆசீர்வதித்த அன்று, செயலாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கம்ப்யூட்டர் உதவியால் ஒரு பெயரும் விடுபடவில்லை என்று அவரே பேசினார். கைதட்டினார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு அவரை ஒரு திருமணத்தில் பார்த்தேன். சக்கர நாற்காலியில் இருந்தார். பேரன் ஏதோ போனில் காட்ட, "நாங்கல்லாம் அப்பவே கம்ப்யூட்டர்ல பூந்து விளையாடினவங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. முதுமைக்காக ஒருவரை மன்னித்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவரை இகழ்வது எனக்குச் சிரமமாக இருந்ததே இல்லை. சிரமம் வேறொன்று. கேட்பாரற்றவர்களைக் கடலில் கரைத்து இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, மார்சிலிங்கிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். படிவம் கொடுத்த பிறகு வீடு மாறிப்போனதால் அங்கே பக்கத்துக் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டாவது அறிவிப்பைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆறு வயதில் இறந்துபோன மகளின் கலசத்தை வாங்க, பை நிறையப் பூவோடு வந்திருந்தார். செயலாளர் பட்டியலைப் புரட்டுவதுபோலப் புரட்டினார். "உங்க பேரு இல்லையே. நீங்க படிவமே குடுக்கல, பெரியவரே" என்றார். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

"மொத ஆளா வந்து குடுத்தேனே சார்" என்றார் பெரியவர். தன்மேலேயே சந்தேகம் வந்தவர்போல, நெற்றியைத் தடவினார்.

நான் எழுந்தேன். "குடுத்தீங்க ஐயா. நான்தான் டைப் பண்ணேன். இவரு அதை அழிச்சுட்டாரு. கலசம் இல்லீங்க ஐயா. கடல்ல கரைச்சுட்டாங்க" என்றேன். செயலாளர் எழுந்து வெளியே போய்விட்டார். பெரியவர் கோபப்படுவார், அடிப்பார்கூட என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. பூப்பையை மேசைமேல் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா பேரைச் சரியா எழுதியிருந்தீங்களாம்மா?"

"சரியாத்தான் எழுதினேன் ஐயா" என்றேன். அவர் தலையசைத்தார். அது போதும் என்பதுபோல எழுந்துகொண்டார். வாசல்வரை கூடவே போனேன். அந்தக் குழந்தையின் பெயர் அப்போதே எனக்கு நினைவில் இல்லை. அவரிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.