ஸ்ரீபெரும்புதூரில் அடைபட்ட ஓட்டைகள்

1991. சென்னை பஸ் டயர் பஞ்சராகி ஸ்ரீபெரும்புதூர் டீக்கடை முன்னால் நிற்கிறது. நாளைக் காலை என் கண்காட்சி. கம்பளி நூலில் ஆள் உயரத்துக்கு நான் பின்னிய சிவப்புத் திரையை டீக்கடை அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தாமதமாகும் என்று கேலரிக்குச் சொல்ல எஸ்டிடி பூத்துக்கு ஓடுகிறேன். இரண்டு மணி நேரம் முயன்றும் லைன் கிடைத்துத் தொலைக்கவில்லை. திரும்பி வந்தால், திரை அக்கா மடியில் விரிந்து கிடக்கிறது. அவள் கையில் குரோஷா ஊசி.

"இன்னாமா, இம்மாம் பெரிய ஓட்டைங்கள வுட்டு வெச்சிகினுகீற? கண்ணி நழுவிப்போச்சு போல. உன் பையிலயே நூலு இருந்துச்சு, போட்டு அடச்சிட்டேன்."

"அக்கா, அது நானே விட்டது!"

"தெரிஞ்சேவா?" பரிதாபமாகப் பார்க்கிறாள். "யாருமா உனுக்குக் கத்துக்குடுத்தது? எங்க கான்வென்ட் சிஸ்டரா இருந்தா கையிலயே போட்டிருப்பாங்க."

பத்து வருஷமாக நான் பின்னுவதே ஓட்டைகளைத்தான். ஸ்வெட்டர் பின்னுவாயா, பாப்பாவுக்குக் குல்லா பின்னுவாயா என்று கேட்டவர்களிடமெல்லாம் மல்லுக்கட்டி, இப்போதுதான் இந்த கேலரிக்காரர் ஓட்டைகளுக்காகவே என்னைக் கூப்பிட்டிருக்கிறார். இவள் போட்டதைப் பிரிக்க ராத்திரி முழுக்க ஆகும்.

கண்டக்டர் விசில் அடிக்கிறார். திரையைச் சுருட்டிக்கொண்டு ஏறுகிறேன். பஸ் நகர, அக்கா என் ஜன்னலோடு கூடவே ஓடி வருகிறாள்.

"ஓரத்துல ஒண்ணு பாக்கி கீதுமா! திரும்பி வரச்சொல்ல எறங்கு, அதையும் மூடித் தர்றேன்!"

மிச்சமிருக்கும் அந்த ஒரே ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறேன்.