அப்பா எழுதிக் கொடுத்த கடிதம்

என் தம்பியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனது போலீஸ் இல்லை, எங்கள் அப்பா. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் ஆசிரியைதான். தம்பிக்கு கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர் வேலை. வண்ணார்பேட்டையில் யாரோ செயினைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டானாம், கேமராவில் தெரிந்த பைக் தம்பியின் பைக் மாதிரியே இருந்ததாம். "சும்மா ஒரு விசாரணை" என்று காலையில் போன் வந்தது. ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். அப்பாவுக்கு அது கௌரவக் குறைச்சல். தம்பி பக்கம் திரும்பினார்.

"ஏலே, தப்பு செய்யாதவனுக்கு வக்கீல் எதுக்குலே? நானே வாரேன். அங்கன பாதிப் பேரு நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சவங்க."

வாத்தியார் குடும்பங்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் இது. தம்பிக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டச் சொல்லி, ஜெபம் செய்து, ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். அங்கே ஏட்டு எழுந்து நின்று கும்பிட்டிருக்கிறார். "சார்வாள், நீங்க வீட்டுக்குப் போங்க. பத்து நிமிசத்துல அனுப்பிருதோம்." அந்த ஒரு 'சார்வாள்' போதாதா? அப்பா நிம்மதியாக வீட்டுக்கு வந்து பேப்பர் படித்தார்.

பத்து நிமிடம் சாயங்காலம் வரை நீண்டது. செயினைப் பறித்தவன் வேறு ஊரில் பிடிபட்ட பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். நானும் அப்பாவோடு போனேன். தம்பி பெஞ்சில் உட்கார்ந்து, வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். லத்தியைத் தடுக்கக் கையைத் தூக்கியிருக்கிறான். மணிக்கட்டு வீங்கிப் புடைத்திருந்தது. ஏட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். மகனை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன், எனக்குப் புகார் ஏதுமில்லை என்று எழுதித் தந்தால் உடனே கூட்டிப் போகலாமாம். அப்பா ஓரத்தில் இடம் விட்டு, முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். நான் அந்தப் பேனாவைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். சும்மா நின்றேன். என்மேல் எனக்குள்ள கோபம் அது.

வெளியே வந்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அங்கே போனால் அடி எப்படிப் பட்டது என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுவார்கள். அப்பா மறுத்துவிட்டார்.

"சும்மா இருட்டி. எழுதிக் குடுத்த மை இன்னும் காயல. திரும்பவும் இவனைத் தூக்கிட்டுப் போனா என்ன செய்வே?"

கேள்வி கேட்காத ஒரு எலும்பு வைத்தியரிடம் போய், மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து விசாரித்தவர்களிடமெல்லாம் "பாத்ரூம்ல வழுக்கிட்டான்" என்றார் அப்பா. இரண்டு பேர் சிரித்தார்கள். காவல் நிலையக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கைக்கட்டோடு நிற்கிறவர்களின் படம் செல்போனில் வந்தால் எல்லோரும் சிரிக்கிறோமே, அதே சிரிப்பு. ஆசிரியர் அறையில் நானும் அப்படிச் சிரித்திருக்கிறேன், நாலு பேருக்கு அனுப்பியும் இருக்கிறேன். திருட்டுப் பயல்களுக்கு நல்லா வேணும் என்ற நினைப்புதான். தம்பி மேல் விழுந்த அடியில் எனக்கும் பங்கு உண்டு.

கட்டைப் பிரித்தபோது எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. வெல்டிங் கைப்பிடியை அவனால் பிடிக்க முடியவில்லை. தொழிற்சாலை வேறு ஆள் பார்த்துக்கொண்டது. அப்போதுதான் அவனே கேட்டான், "எக்கா, ஒரு புகார் எழுதித் தாரியா?" மனித உரிமை ஆணையத்துக்கு எழுதினேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மாதக்கணக்கில் இழுத்தடித்த பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஏட்டை அதற்குள் வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். அதற்குப் பெயர் நடவடிக்கை! விசாரணை அதிகாரி அப்பாவின் கடிதத்தை எடுத்து மேசைமேல் போட்டார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

இங்கேயும் அப்பா மரியாதை பார்த்தால் எல்லாம் போச்சு.

"நான்தான் எழுதுனேன்" என்றார் அப்பா. "அதுல இருக்கது பொய். எம் மவன் கை வீங்கிக் கெடந்ததப் பாத்துக்கிட்டேதான் எழுதுனேன்."

அதிகாரி கடிதத்தை ஓரமாக நகர்த்தினார். தம்பியின் வாக்குமூலத்தை எழுதி முடித்து, கையெழுத்துப் போடச் சொன்னார். தம்பி பேனாவை விரல்களுக்கிடையே செருகிக்கொண்டு, தோளோடு சேர்த்துக் கையைத் திருப்பித் திருப்பிப் போட்டு முடித்தான். அதிகாரி அதை அவனுடைய பான் கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"கையெழுத்து ஒத்துப்போகலையே" என்றார்.

தம்பி தன் வலது மணிக்கட்டை அவர் முன்னால் மேசைமேல் வைத்தான்.

"அதைச் சொல்லத்தான் சார் வந்திருக்கோம்."