பச்சையாகவே இருந்த சோதனைகள்

படவேட்டில் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறேன். மலையில் எங்கள் ஆப்பில் ஏதோ கோளாறு என்றதும் சென்னையிலிருந்த டீம் லீடர், "நீதாம்மா பக்கத்துல இருக்கே, ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடு" என்றார். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மலைக் கிராமங்களுக்கு மருத்துவ வேன் வரும் நாளை ஊர்க்காரர்களின் போனுக்கு முன்கூட்டியே சொல்லும் ஆப் எங்களுடையது. வேன் வர முடியாவிட்டால் டிரைவர் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். 'வராது' என்று இன்னொரு செய்தி போகும்.

"அமுக்கினேன் மேடம். அனுப்பியாச்சுன்னு காட்டிச்சி" என்றார் டிரைவர். "ஆனா வண்டி பழுதாகி நின்ன வளைவுல டவரே கெடையாது."

அன்று வேனுக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கும் கூட்டிப்போனார். அவள் இடுப்பில் கைக்குழந்தை.

"இதுக்கு அன்னிக்கி ஜுரங்க. காலைலேர்ந்து ரோட்டாண்ட நின்னேன். வரும்னு சேதி வந்துச்சி, வராதுன்னு சேதி வர்ல. வெயில் ஏறினப்புறம் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு நடந்துட்டேன்."

"இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்லிங்க. இனிமே சேதி வந்தா நம்பலாமாங்க?"

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜமுனாமரத்தூருக்குத் திரும்பி, டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தேன். ஆப் சரியாக ஓடுகிறதா என்று தானாகப் பார்க்கும் சோதனைகள் அத்தனையும் பச்சை, அதாவது தேர்ச்சி. பட்டனைச் சோதிக்கும் நிரலில், செய்தி அனுப்பும் பகுதிக்குப் பதிலாக ஒரு டம்மியை வைத்திருந்தார்கள். அதில் தப்பில்லை, ஒவ்வொரு சோதனைக்கும் நிஜமாகச் செய்தி அனுப்ப முடியாது. ஆனால் அந்த டம்மிக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: 'போய்ச் சேர்ந்தது.' சிக்னல் இல்லை என்று அது சொன்னால் ஆப் என்ன செய்யும் என்று யாருமே கேட்டுப் பார்க்கவில்லை. டம்மியை அப்படிச் சொல்லவைத்து அதை நான் கேட்டேன். சிவப்பு வந்தது: அப்போதும் ஆப் 'அனுப்பியாச்சு' என்றே காட்டியது.

லீடருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நேத்து வரைக்கும் எல்லாம் பச்சையா இருந்துச்சேம்மா?"

"டம்மி எப்பவும் சரின்னே சொல்லுது சார். அதனாலதான் பச்சை."

"சரி, அந்த ஒரு டெஸ்ட்டை இப்போதைக்கு நிறுத்தி வை. இன்னிக்கி அப்டேட் போயாகணும்."

தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது.

"இல்ல சார். சரி பண்ணிட்டுத்தான் அனுப்பணும்."

"உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

டவர் கிடைக்கும்வரை 'இன்னும் போகவில்லை' என்று காட்டவும், கிடைத்ததும் தானே அனுப்பவும் மாற்ற சில நாள் பிடித்தது. டிரைவர் அதே வளைவில் வேனை நிறுத்திப் பார்த்தார். மேலே ஏறியதும் செய்தி போனதாகச் சொன்னார்.

வீடியோவில் நடந்த வாரக் கூட்டத்தில் அப்டேட் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். ஜுரக் குழந்தையோடு அந்தப் பெண் ரோட்டில் நின்றதைச் சொன்னேன். "அது சரி, தேதி தவறிடுச்சே" என்றது ஒரு குரல். வாதாடத் தெம்பில்லை. கேமராவை அணைத்துவிட்டு உலை வைக்கப் போனேன்.