ருபினெம் கெந்தோங்கன் தட்டிய மதியம்

ருபினெம் என் பக்கத்து வீட்டுக்காரி. மரம் வெட்டும் வேலைக்கென்று காலிமந்தான் தீவுக்குக் கப்பலேறிய அவள் புருஷன் இரண்டு பெருநாளுக்குத் துணி அனுப்பினான். மூன்றாம் பெருநாளுக்குத் துணியும் வரவில்லை, சேதியும் வரவில்லை. பிள்ளைகுட்டி கிடையாது. யாராவது அவனைப் பற்றிக் கேட்டால், "வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். எனக்கு மாடு இருக்கு" என்பாள்.

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. எங்கள் ஊரான கரங்துவூரில் மாட்டுக்கொட்டகைதான் எங்கள் இரும்புப் பெட்டி. கூரை சரிந்தாலும், உடம்பு சரியில்லாமல் போனாலும், வீட்டில் கல்யாணம் வந்தாலும் மாட்டின் கயிற்றைத்தான் அவிழ்ப்போம். ருபினெம் அந்தச் செம்பசுவைக் கன்றாக வாங்கியவள். எங்கள் சுண்ணாம்புக் குன்றுகளில் வறட்சி வந்தால் ஒரு பிடி பச்சை இருக்காது. அப்போதெல்லாம் விடியும் முன்பே பள்ளத்தாக்குக்கு இறங்கி, புல்கட்டை முதுகில் சுமந்துகொண்டு ஏறி வருவாள். இரவில் அவளுக்கு மரவள்ளிச் சோறு இருந்ததோ இல்லையோ, பசுவுக்குத் தீனி இருந்தது. நான் சொல்லப்போகும் மதியத்தில் அது ஏழு மாதச் சினை.

அந்த மழைக்காலத்தில் இரண்டு மாடுகளும் ஒரு மோட்டார் சைக்கிளும் எங்கள் ஊரிலிருந்து காணாமல் போயின. காவல் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒன்றும் திரும்பி வரவில்லை. ஆண்கள் முறை வைத்துக் காவல் சுற்றினோம். ஊர் முகப்பில் ஒரு பலகை வைப்பதென்று முடிவானது. தச்சன் என்பதால் பலகை அறுத்துக் கொடுத்தது நான். சிவப்புச் சாயத்தில் எழுதியது ருபினெமின் தம்பி சர்ஜிமான்: "திருடன் இங்கிருந்து உயிரோடு திரும்ப மாட்டான்."

"எழுத்து கோணலா இருக்கேடா" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணே. திருடன் நின்னு எழுத்துக்கூட்டிப் படிப்பான். அதுக்குள்ள நாம போய்ப் பிடிச்சிரலாம்."

எல்லோரும் சிரித்தோம். ருபினெமும் சிரித்தாள்.

அன்றைக்கு மதியத் தொழுகை முடிந்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே பாதையில் ஒரு குரல் கேட்டது. "யாரு மாடுங்க இது? மாட்டுக்காரங்க யாரும் இல்லீங்களா?"

"யாரோ கூப்பிடுறாங்க, பாருங்க" என்றாள் என் மனைவி.

"சந்தைக்குப் போற வியாபாரியா இருக்கும். நீ குழம்பை ஊத்து."

நான் எழுந்திருக்கவில்லை. அந்தக் குரல் அடுத்த வீட்டு வாசலில் இன்னொரு தரம் கேட்டுவிட்டுத் தேய்ந்துபோனது.

கொஞ்ச நேரத்தில் ருபினெம் புல்கட்டோடு திரும்பியிருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த பசு அங்கே இல்லை. வாசலுக்கு ஓடிவந்து பார்த்தபோது, தூரத்தில் முன்பின் தெரியாத ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு பாதையில் போய்க்கொண்டிருந்தான். கூரை விளிம்பில் தொங்கும் மூங்கில் கெந்தோங்கனை அவள் தட்டினாள். சாவுக்கு ஒரு மாதிரி, தீக்கு ஒரு மாதிரி தட்டுவது என்று எங்களுக்குக் கணக்குண்டு. இடைவிடாமல் தட்டினால் திருடன். அவள் இடைவிடாமல் தட்டினாள்.

நான் எச்சில் கையோடு ஓடினேன். மற்றொரு கையில் சட்டத்துக்கு இழைத்து வைத்திருந்த தேக்குக் கட்டை. சற்று முன் கேட்ட குரலும் இந்தச் சத்தமும் ஒரே மாட்டைப் பற்றியவை என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருவரும் நம்புவதில்லை. எனக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை.

முப்பது நாற்பது பேர் அரிவாளும் கட்டையுமாக வருவதைப் பார்த்து அவன் கயிற்றை விட்டுவிட்டு ஓடினான். யார்தான் ஓடமாட்டார்கள்? ஆனால் ஓடியதோடு அவன் திருடனாகிவிட்டான். தேக்கந்தோப்பு ஓரத்தில் சர்ஜிமான் எட்டிப் பிடித்து முதல் அடி அடித்தான். அதன் பிறகு யார் அடி, எத்தனை அடி என்று யாருக்கும் தெரியாது. என் கட்டை ஒரு தரம் இறங்கியது. தோளில்.

ருபினெம் எங்களை நோக்கி ஓடி வந்தவள், வழியில் நின்ற பசுவின் அருகே சட்டென்று நின்றாள். கழுத்துக் கயிறு அறுபடவில்லை, அவிழவும் இல்லை. மறுமுனையில் முளைக்குச்சி ஈரமண்ணோடு அப்படியே தொங்கியது. மழையில் ஊறிய மண்ணிலிருந்து பசுதான் முளையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. குளம்பில் சோளத்தோகை சிக்கியிருந்தது. எந்தத் திருடனும் முளைக்குச்சியை இழுத்துக்கொண்டு போகமாட்டான்.

"விடுங்க. அவன் எடுக்கல, விடுங்க" என்று கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்து அவன் மேல் விழுந்தாள். இரண்டு அடி அவள் முதுகிலும் விழுந்தது. அப்போதுதான் கைகள் நின்றன.

அவன் வாய் அசைந்தது. "சோளக்கொல்லையில நின்னுச்சு... கொண்டாந்து விடலாம்னு..." நாங்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டோம். எங்கள் குடியிருப்புத் தலைவர் வீட்டில் ஒப்படைக்கத்தான் ஊரின் மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். அவனைச் சரக்கு வண்டியில் ஏற்றினோம். மருத்துவமனை போய்ச் சேருமுன்பே, ருபினெம் மடியில் தலை வைத்தபடி உயிர் போனது. குன்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். பெயர் பாரிடி. அதை அவன் சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

மறுநாள் காலை தலைவர் சுகாத்மோ எல்லோரையும் கூட்டினார். போலீஸ் வரும் நேரம்.

"கூட்டம் அடிச்சுது, யாருன்னு தெரியலை. எல்லாரும் இதையே சொல்லுங்க. ஊரு பிழைக்கும்."

யாரும் தலை நிமிரவில்லை. பின்வரிசையிலிருந்து ருபினெம் எழுந்தாள். முந்தின நாள் உடுத்திய அதே கைலி. மடியில் ரத்தக்கறை காய்ந்து கறுத்திருந்தது.

"எனக்குத் தெரியும். கெந்தோங்கன் தட்டினது நான். முதல்ல அடிச்சது என் தம்பி."

சுவரில் சாய்ந்திருந்த சர்ஜிமான் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். கூடப்பிறந்தவனை ஒருத்தி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"ருபினெம், நீ என்ன பேசுறேன்னு உனக்குத் தெரியுதா?" என்றார் சுகாத்மோ.

"தெரியுது. போலீஸ்கிட்டயும் இதேதான் சொல்வேன்."

அப்போதுதான் நானும் வாயைத் திறந்தேன். குரல் கேட்டதையும், எழுந்து போகாததையும், என் கட்டையையும் சொன்னேன். துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருக்கும்போது எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சர்ஜிமானுக்கு ஆறு வருடம் சிறை. இன்னும் மூன்று பேருக்கு நாலு வருடம். எனக்குப் பதினான்கு மாதம். ஊர் ருபினெமோடு பேசுவதை நிறுத்தியது. கடையில் சாமானைத் தள்ளுவார்கள், முகம் பார்க்கமாட்டார்கள். துக்க வீட்டுச் சமையலுக்குக்கூட அவளைக் கூப்பிடவில்லை. என் மனைவி மட்டும் கொல்லை வழியாகப் போய்ப் பேசிவிட்டு வருவாளாம்.

பசு கன்று ஈன்ற பிறகு, இரண்டையும் ஓட்டிக்கொண்டு ருபினெம் குன்றைத் தாண்டி பாரிடி வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி துமினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு இது?"

"உங்களுக்குத்தாங்க."

"சோத்தைப் போட்டு வை, இந்தா வந்துடறேன்னு சொல்லிட்டுப் போன மனுஷன். இது கொட்டகையில நின்னா நான் தினம் எந்திரிச்சு இது மூஞ்சியிலயா முழிப்பேன்? ஓட்டிட்டுப் போ."

ஓட்டிக்கொண்டு திரும்பினாள். வழியிலேயே ஒரு வியாபாரியிடம் இரண்டையும் விற்று, துமினாவின் ஊர்ப் பள்ளிவாசலில் அவள் பெயரைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தாள். துமினா அதை வாங்கினாளா என்று ருபினெம் விசாரிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவள் மாடு வளர்க்கவில்லை. பொரித்த மரவள்ளி விற்றுத்தான் காலம் தள்ளினாள்.

மாதம் ஒருமுறை சிறைக்குப் போவாள். முதல் வருடம் முழுக்க சர்ஜிமான் அவளைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினான். கொண்டுபோன சோயா டெம்பே பொட்டலத்தைக் காவலரிடம் கொடுத்துவிட்டு வருவாள்.

அவன் விடுதலையாகி வந்த அன்று நான் அவள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றிக்கொண்டிருந்தேன். அவன் வந்து தரையில் உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள். வெகுநேரம் தட்டைத் தொடாமல் இருந்தான்.

"எல்லாரும்தான் அடிச்சாங்க. ஏன் என் பேரை மட்டும் சொன்னே?"

"எல்லாரையும் நான் பாக்கல. உன்னைப் பாத்தேன்."

"நான் உன் தம்பிக்கா."

"அதனாலதான் தூரத்துலயும் அடையாளம் தெரிஞ்சுது."

அவன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினான். ருபினெம் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.