மாயாண்டி அண்ணனின் வலது கால்

தர்மபுரத்து மாயாண்டி அண்ணனைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அந்த மனிதரின் பெயரைக் கெடுத்தவனே நான்தான்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழு இனக்கலவரத்தோடு வன்னிக்கு வந்தவர். உழவு இயந்திரம், லொறி என்று இருபத்தைந்து வருடம் ஓட்டியும் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. போர் நின்ற சமாதான காலத்தில் கிளிநொச்சி ஏரம்பு முதலாளி கொழும்பிலிருந்து டர்போ கார் ஒன்று எடுத்து வந்தபோது, சாவியை இவரிடம்தான் கொடுத்தார்.

2003 மாசியில் அந்தக் கார் என் கராஜுக்கு வந்தது.

"தம்பி, மிதிச்சா மூச்சு வாங்குது. திடீர்னு பாயுது, திரும்பப் படுத்துருது" என்றார்.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சாமான். எவ்வளவு அழுத்தலாம் என்று கட்டுப்படுத்த, தீப்பெட்டி அளவில் ஒரு வால்வு இருந்தது. அப்படி ஒன்றை நான் அதற்கு முன் கண்டதே இல்லை. குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயால் ஊதினேன், வயர்களைச் சுரண்டினேன். ஒரு மண்ணும் விளங்கவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் கார் ஓடவிட்ட மெக்கானிக் அல்லவா நான்! அந்த நாளில் பழுதானதற்கு மாற்றுச் சாமான் கிடைக்காது. கழற்றி எறிந்துவிட்டு ஓட்டையை அடைப்போம். அதையே செய்தேன். வால்வைக் கழற்றி, குழாயை ஆணியால் அடைத்தேன். கார் பறந்தது.

மறுநாளே திரும்பி வந்தார். "தம்பி, இது கூடுதலாப் பாயுது. ஒருக்காப் பாருங்க."

"திருத்திறது என்ர வேலை அண்ணை, ஓட்டுறது உங்கட வேலை" என்று எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் வாரம் மாங்குளத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் உடைந்து நின்றது. கட்டி இழுத்து வந்தார்கள். மூடியைத் திறந்தால் என் ஆணி அங்கேயே இருந்தது. கட்டுப்பாடு இல்லாமல் காற்று ஏறி எஞ்சினைத் தின்றுவிட்டது.

"ஆரின்ர பிழை?" என்று முதலாளி கேட்டார்.

"கண்மண் தெரியாமல் மிதிச்சிருக்கு" என்றேன். சீ, அந்த வார்த்தை எப்படித்தான் வாயில் வந்ததோ! மாயாண்டி அண்ணன் குனிந்து தன் காலைப் பார்த்தார். அன்றே அவருடைய வேலை போயிற்று.

இரண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் தர்மபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அவர் மனைவி கமலாட்சி அக்கா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"கூலி வேலைக்குப் போயிருக்கார் தம்பி. நடந்துதான் போறார். சைக்கிள்கூட மிதிக்க மாட்டேங்கிறார். 'என் காலுக்கு வேகம் தெரியாமப் போச்சு, யாரையாச்சும் கொன்னுருவேன்'ங்கிறார்."

நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியும் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்! மனிதர் அதை நம்பிவிட்டார். செத்துவிடலாம் போல இருந்தது.

மத்தியானம் வந்தார். ஆணியை, பொய்யை, எல்லாவற்றையும் கொட்டினேன். கமலாட்சி அக்கா விளக்குமாற்றைத் தூக்கிவிட்டார். அண்ணன் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப என் காலுல பிழை இல்லையா?"

"இல்லை அண்ணை. பிழை முழுக்க என்ர" என்று அழுதேன்.

அவர் கொட்டிலுக்குள் போய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏறுங்க, முதலாளிகிட்டப் போவோம்."

"மூண்டு மணிக்கு பஸ் இருக்கு அண்ணை. நானே போய்ச் சொல்லுறன்."

"பஸ்ஸுக்கு நின்னா உங்க மனசு மாறிரும் தம்பி."

கிளிநொச்சி வரைக்கும் அவரே மிதித்தார். நான் பின்னால் கரியரில் இருந்தேன்.